வக்கீலுக்கு முன்னால் வந்தவர்

சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவருக்கு முதலில் வந்து சேர்வது வாடிக்கையாளர் அல்ல, ஆலோசகர். அதுவும் பெங்களூரில் தொடங்கினால், கடைக்கு ஷட்டர் மாட்டுவதற்கு முன்பே ஒரு டஜன் சட்ட நிபுணர்கள் கிடைத்துவிடுவார்கள். இவர்களில் ஒருவர்கூடச் சட்டம் படித்தவராக இருக்க மாட்டார். சட்டம் படித்தவர் ஃபீஸ் கேட்பார் என்பதால் அவரை நாம் கடைசியாகத்தான் தேடிப் போகிறோம்.

நானும் அப்படித்தான் போனேன். அந்த வக்கீலுக்காகக் கடையில் காத்திருந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் முரளிக்கு மட்டும் இன்னும் அலுக்கவில்லை. (அவர் சொல்லும்போது தன் இஷ்டத்துக்கு மசாலா சேர்ப்பார். நடந்ததே போதுமான காரம்தான் என்பதால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.)

நான் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் காலை எங்கள் பிரிவு முழுவதையும் வீடியோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, இனி இந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். அதுவரை எல்லாருக்கும் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தவள், கடைசியாக எனக்கே கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. மறுநாள் மாறுவேடப் போட்டி. என் மகள் கத்தரிக்காயாக வர வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரு குழந்தையைக் கத்தரிக்காயாக மாற்றும் கஷ்டம், மாற்றியவர்களுக்குத்தான் தெரியும். நல்லவேளையாக என் நாத்தனார் கீதா இருந்தாள். அவளுக்குத் தையல் நன்றாக வரும். ஒரு பழைய ஊதாப் பட்டுப் பாவாடையை வெட்டி, உள்ளே பஞ்சு திணித்து, தலைக்குப் பச்சைக் காம்பு வைத்து, என் மகளை வாசல்படி தாண்ட முடியாத அளவுக்குக் கொழுத்த கத்தரிக்காயாக மாற்றி அனுப்பினாள். அடுத்த வாரமே மூன்று அம்மாக்கள் அந்தக் கத்தரிக்காயை வாடகைக்குக் கேட்டார்கள்.

இப்படித்தான் எங்கள் தொழில் ஆரம்பித்தது. தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில், ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தோம். முன்னறையில் ஏற்கெனவே ஒரு ஷட்டர் இருந்தது. என் செட்டில்மென்ட் பணமும் கீதாவின் நகைச்சீட்டுப் பணமும் சேர்ந்து சிங்கமாகவும் தக்காளியாகவும் ராணியாகவும் விண்வெளி வீரராகவும் மாறின. வாசலில் ஆளுயரப் பொம்மை ஒன்றுக்குக் கரடி வேஷம் போட்டு நிறுத்தினோம். கூட்டம் வந்தது.

கூடவே ஆலோசனையும் வந்தது.

முரளியின் நண்பர் ஒருவர், ஒரு ரூபாய்க்கு வியாபாரம் செய்தாலும் ஜி.எஸ்.டி. கட்டாயம், இல்லையென்றால் உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள் என்றார். எதிர்வீட்டு அம்மா, பொம்பளைங்க நடத்தினால் எந்த லைசென்ஸும் வேண்டாம் என்றார். (அப்படி ஒரு சட்டம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.) பார்க்கில் நடக்கும்போது அறிமுகமான ரிட்டையர்டு மனிதர் ஒருவர், வீட்டு ஓனரிடம் கடை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கிளாஸ் என்று சொல்லுங்கள் என்றார். முரளியோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்.

"ரெண்டு வருஷம் ஒண்ணும் பண்ணாத. யாராவது வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

களைப்பாக இருக்கிறவளுக்கு, ஒன்றும் செய்யாதே என்ற ஆலோசனையைப் போல இனிப்பானது வேறில்லை. அதையே பிடித்துக்கொண்டேன். வீட்டு ஓனரிடம் தையல் கிளாஸ் என்று சொன்னோம். ஒரு முறை அவர் திடீரென்று வந்துவிட்டார். கீதா சட்டென்று என்னை உட்காரவைத்து ஒரு துணியைக் கையில் கொடுத்தாள். அவர் போகும்வரை அரை மணி நேரம் நான் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு இன்றுவரை தெரிந்த ஒரே தையல் அதுதான்.

இன்னொரு நாள் சந்து முனையில் கார்ப்பரேஷன் ஜீப் ஒன்று வந்து நின்றது. "அண்ணி, வந்துட்டாங்க" என்று கீதா ஷட்டரை இழுத்துவிட்டாள். உள்ளே நாங்கள் இருவர், ஒரு வாடிக்கையாளர் அம்மா, தக்காளி வேஷத்தை அளவு பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகன். இருட்டில் தக்காளி அழ ஆரம்பித்தது. கீதா அதன் வாயைப் பொத்தினாள். ஜீப் போன பிறகு திறந்தால், அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையில், இவர்கள் குழந்தை கடத்துகிறவர்களோ என்ற சந்தேகம் தெளிவாகத் தெரிந்தது. தக்காளியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றோடு எனக்கு வெறுத்துவிட்டது. நாங்கள் ஒன்றும் கள்ளச்சாராயம் காய்ச்சவில்லை. குழந்தைகளுக்கு முயல் காது வாடகைக்குக் கொடுக்கிறோம். இதற்கு ஏன் இப்படி ஒளிய வேண்டும்? கீதா தன் தோழியிடம் விசாரித்து, சிறு தொழில்காரர்களுக்கு இந்த வேலையெல்லாம் செய்து கொடுக்கும் நாகராஜ் என்ற வக்கீலின் நம்பரை வாங்கி வந்தாள். போனில் அவர் தெம்பாகப் பேசினார்.

"மேடம், பேப்பரெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல எல்லாத்தையும் ஓப்பனா சொல்லிடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. மறைச்சா என்னால ஹெல்ப் பண்ண முடியாது. சனிக்கிழமை தொம்மலூர் பக்கம் ஒரு வேலை இருக்கு. பன்னெண்டு மணி வாக்குல நானே கடைக்கு வந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமையை நான் எவ்வளவு எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆண்டு விழா சீசன் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புக் குழந்தைகள் முழுவதும் காட்டு விலங்குகளாக மேடை ஏற வேண்டும். எங்கள் கடை வரலாற்றிலேயே பெரிய ஆர்டர். சிங்கம், புலி, மான் எல்லாம் இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கின. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துப் பட்டை வாங்க கீதா சிக்பேட்டைக்குப் போயிருந்தாள். நான் வக்கீலின் ஃபீஸை ஒரு வெள்ளைக் கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கக்கத்தில் ஃபைல், கையில் ஹெல்மெட். முகத்தில் உலகத்து அலுப்பு முழுவதும் இருந்தது. வெளியே நிற்கும் கரடியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஓனர் யாரும்மா?"

"நான்தான் சார். வாங்க வாங்க."

"நான் வந்து..."

"தெரியும் சார். உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் முகத்தில் லேசான ஆச்சரியம் தெரிந்தது. தனக்காக ஒருவர் ஆசையோடு காத்திருந்தது அவருடைய உத்தியோகத்தில் அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. உட்காரவைத்தேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன். பக்கத்துக் கடையிலிருந்து காபி வரவழைத்தேன். தொழில் ரகசியம் பேசப் போகிறோம் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"ஷட்டர் எதுக்கும்மா?"

"யாராவது கேட்டுடக் கூடாது பாருங்க சார்."

அவர் ஃபைலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, ஹேளி" என்றார். ஹேளி என்றால் கன்னடத்தில் சொல்லுங்கள். என்னைப் போன்றவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியே இருக்கக் கூடாது.

"சார், உங்ககிட்ட எதையும் மறைக்கப் போறதில்ல. முதல் விஷயம், எங்களுக்கு டிரேட் லைசென்ஸ் இல்ல."

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எத்தனை நாளா நடத்தறீங்க?"

"ஒண்ணரை வருஷமாச்சு சார். எடுக்கணும் எடுக்கணும்னுதான் இருந்தோம். எங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு வருஷம் சும்மா இருன்னு சொல்லிட்டார்."

"வீட்டுக்காரர் பேரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். எவ்வளவு பொறுப்பான வக்கீல் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற?"

"போர்டு சார். இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு. கன்னடத்துல பெருசா இருக்கணும்னு சொல்றாங்க. பெயின்டர் ரெண்டு தடவை வந்தார், நாங்கதான் அப்புறம்னு அனுப்பிட்டோம்."

"அது நானே பாத்தேன். வேற?"

"கரென்ட் சார். வீட்டு மீட்டர்லதான் ஓடுது. கமர்ஷியலுக்கு மாத்தல. வாஷிங் மெஷின் ரெண்டும் அதுலதான் போடறோம்."

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல, சொல்லும்மா" என்றார்.

வக்கீல்களில் சிவில், கிரிமினல் என்று பிரிவுகள் இருப்பது போலக் கரென்ட்டுக்கும் தனி வக்கீல் இருப்பார் போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். (பெரிய படிப்பெல்லாம் படித்தவள் நான். எம்.காம்.) அடுத்து, துவைக்கவும் கிழிசல் தைக்கவும் வரும் இரண்டு பெண்களைத் தொழிலாளர் துறையில் பதிவு செய்யாததைச் சொன்னேன். அதுவும் அவர் டிபார்ட்மென்ட் இல்லை. ஆனாலும் சொல்லச் சொன்னார். வாடகை ஒப்பந்தத்தில் வீடு என்று இருப்பதையும், ஓனரிடம் தையல் கிளாஸ் என்று சொன்னதையும், காஜா எடுத்த கதையையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஓனர் நம்பிட்டாரா?"

"நம்பிட்டார் சார். நான் நல்லாவே எடுத்தேன்."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாக உள்ளே அடக்கி வைத்திருந்தது ஒரு காபிக்குள் வெளியே வரும்போது அதில் ஒரு சுகம் இருக்கிறது. பாரம் இறங்க இறங்கத் தோள்கள் லேசாவது எனக்கே தெரிந்தது. ஜீப் வந்த கதையையும் சொன்னேன்.

"கார்ப்பரேஷன் ஜீப்பைப் பாத்ததும் ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே உக்காந்துட்டோம் சார். எங்க நாத்தனார் ஒரு பையன் வாயைக்கூடப் பொத்திட்டா."

"எந்தப் பையன்?"

"தக்காளி சார்."

அவர் பின்னறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அங்கிருந்து மேலே போகும் மாடிப்படியில் ஒருவர்கூட ஏறி இறங்க முடியாதபடி மூட்டை மூட்டையாக வேஷங்கள் கிடந்தன.

"யாராவது அதிகாரி வந்து கேட்டா என்ன சொல்லணும்னுகூட முடிவு பண்ணி வெச்சிருக்கோம் சார். எல்லாம் எங்க பொண்ணோட சொந்தத் துணின்னு சொல்லிடுவோம்."

"எத்தனை பொண்ணு?"

"ஒரே பொண்ணுதான் சார்."

தொங்கிக்கொண்டிருந்த சிங்கங்களின் வரிசையை அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். மறுபடியும் வந்து உட்கார்ந்தார். காபியை ஒரே மடக்கில் குடித்தார். என் கதையில் உருகிவிட்டார் என்று நினைத்து, நான் டிராயரைத் திறந்து வெள்ளைக் கவரை எடுத்து மேஜை மேல் அவர் பக்கமாக நகர்த்தினேன்.

இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

"இது என்னம்மா?"

"உங்களுக்குத்தான் சார். குறைஞ்சிருந்தா சொல்லுங்க."

"எதுக்கு?"

"இதெல்லாத்தையும் நீங்க சரி பண்ணிக் குடுக்கறீங்க இல்லையா, அதுக்கு."

அவர் கவரைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே ஒரு தலை குனிந்து வந்தது. கையில் கறுப்புக் கோட்டை மடித்துப் பிடித்திருந்த ஒரு குண்டு மனிதர் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார்.

"சாரி மேடம், ரிங் ரோடுல ட்ராஃபிக். நான் அட்வகேட் நாகராஜ்."

நான் அவரைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். மறுபடியும் அவரைப் பார்த்தேன். பிறகு, வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே தாமதமான கேள்வியை வக்கீலிடம் கேட்டேன்.

"அப்ப இவர் யாரு சார்?"

உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, சட்டைக்குள் கிடந்த அடையாள அட்டையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் கார்ப்பரேஷன்லேர்ந்து வர்றேம்மா. வந்ததும் சொல்லத்தான் பாத்தேன். நீங்கதான் தெரியும்னு சொல்லிட்டீங்க."

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு சார் வந்தீங்க?" என்று வக்கீல்தான் கேட்டார்.

"ஃபுட்பாத்துல கரடி நிக்குது. பக்கத்துல ஒருத்தரு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காரு, நடக்க எடம் இல்லேன்னு. அதை உள்ள எடுத்து வைங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மீதியெல்லாம் அம்மாவே சொன்னது." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஜீப்புல வந்ததும் நான்தான். முனையில டீ நல்லாயிருக்கும்னு நிறுத்தினோம்."

வக்கீலின் பார்வை மேஜைமேல் போயிற்று. வெள்ளைக் கவர் எங்கள் மூவருக்கும் நடுவில் கிடந்தது. அது அங்கே கிடப்பதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரசாங்க அதிகாரிக்கு, அவர் கேட்காமலே, காபியோடு சேர்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இவ்வளவு குறைகளையும் சரி பண்ணித் தரச் சொல்லி, கவர் கொடுத்திருக்கிறேன். லைசென்ஸ் இல்லாததற்குக் கடையைத்தான் மூடுவார்கள். இதற்கு என்னையே உள்ளே வைத்து மூடிவிடுவார்கள்.

நாகராஜ் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. குனிந்து கவரை எடுத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இது என்னோட கன்சல்டேஷன் ஃபீஸ் சார். என்னை எதிர்பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. நீங்கதான் நான்னு நெனச்சுட்டாங்க."

"அது எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் அதிகாரி. "லஞ்சம் குடுக்கறவங்க இவ்ளோ பேச மாட்டாங்க."

அந்த வக்கீலுக்கு நான் அதற்கப்புறமும் பல முறை ஃபீஸ் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வாங்கியதைப் போல அவர் உழைத்து வாங்கிய ஃபீஸ் வேறில்லை.

நான் அழவில்லை என்று முரளி இல்லாதபோது சொல்லிக்கொள்வேன். அழுதேன். அதிகாரி சங்கடப்பட்டார்.

"நோடம்மா" என்றார், பாரும்மா என்ற அர்த்தத்தில். "நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாது. நான் கரடியைச் சொல்லிட்டுப் போயிருப்பேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எப்படிப் போறது? நாளைக்கு இந்தப் படிக்கட்டுல தீப்பிடிச்சா, நீ போய்ப் பாத்தியே என்ன பண்ணினேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

லைசென்ஸ் எடுக்கும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்று நோட்டீஸ் எழுதினார். திங்கட்கிழமை மேடை ஏற வேண்டிய குழந்தைகளைப் பற்றி வக்கீல் மன்றாடினார். அதிகாரி கொஞ்ச நேரம் சிங்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மட்டும் இன்றே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், புதிதாக ஒரு முயல் காதுகூட வெளியே போகக் கூடாது என்றார். போகும்போது கரடியைத் தாண்டிச் சென்றவர் திரும்பி வந்து, "முதல்ல இதை உள்ள வைங்க" என்று ஞாபகப்படுத்தினார்.

கீதா சிக்பேட்டையிலிருந்து ஒட்டகச்சிவிங்கிப் பட்டையோடு வந்தபோது நான் கரடியைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணி ஆச்சு?"

சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எதையெல்லாம் சொன்னீங்க?"

"எல்லாத்தையும்."

"கரென்ட்டு?"

"சொல்லிட்டேன்."

"காஜா எடுத்தது?"

"அதையும்."

"அவங்களா கேட்டாங்களா அண்ணி?"

"இல்ல."

அவள் வாங்கி வந்த பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். அவள் நகைச்சீட்டுப் பணம் முழுவதும் அந்தக் கடையில் கிடந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு ஆட்டோவில் ஒரு காட்டையே அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். என் மடியில் புலித் தலைகள்.

ஆண்டு விழா சீசன் முழுவதும் கடை மூடியே கிடந்தது. வருடத்தில் நாங்கள் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். போன் அடித்துக்கொண்டே இருக்கும். இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. பகல் முழுவதும் நாகராஜோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். அந்த அலைச்சலில்தான், ஒன்றரை வருடமாக நான் பயந்து நடுங்கிய ஜி.எஸ்.டி. எங்களுக்குத் தேவையே இல்லை என்பது தெரிந்தது.

"உங்க வியாபாரம் அந்த அளவுக்கு வளரட்டும் மேடம், நானே வந்து எடுத்துத் தர்றேன்" என்றார் நாகராஜ். எங்கள் வியாபாரம் எவ்வளவு சின்னது என்பதைச் சட்டமே சொன்னது அன்றைக்குத்தான்.

தேவையில்லாததற்குப் பயந்திருக்கிறேன். தேவையானதை விட்டிருக்கிறேன். டிரேட் லைசென்ஸ், தொழிலாளர் துறைப் பதிவு, மீட்டர் மாற்றம் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதில் வீடு என்று இருந்ததைக் கடை என்று மாற்ற வேண்டும். ஆக, தையல் கிளாஸ் என்று ஏமாற்றிய ஓனரிடம் போய் நிற்க வேண்டும். நாகராஜை முன்னால் விட்டு, அவருடைய அகலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வக்கீலே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடை விஷயமா?" என்றார் ஓனர்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நீங்க திறந்த புதுசுலேயே என் பேரனுக்குப் புலி வேஷம் அங்கதானே எடுத்தோம். மருமகள் வந்து வாங்கிட்டு வந்தா. புலி நல்லாயிருந்தது."

கையெழுத்துப் போட்டார். வாடகையையும் ஏற்றினார். காஜா எடுத்த அரை மணி நேரமும் அவர் தெரிந்தே உட்கார்ந்திருந்தார் என்பதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாகக் கூட்டாண்மைப் பத்திரம். அதுவரை கீதாவுக்கும் எனக்கும் இடையில் எழுத்தில் எதுவும் கிடையாது. கூட்டாளிகளுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வது என்ற பகுதிக்கு வந்தபோதுதான் நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சண்டை போட்டோம். இத்தனை நாள் அவள் அடக்கி வைத்திருந்தது அங்கே, வக்கீலின் மேஜைக்கு முன்னால் வெளியே வந்தது.

"அண்ணி, லைசென்ஸ் எடுக்கணும்னு நான் முதல் மாசத்துலேர்ந்தே சொல்லிட்டிருந்தேன். எங்க அண்ணன் பேச்சைக் கேட்டுட்டு நீங்கதான் வேண்டாம்னீங்க. அப்புறம் போய் யாருன்னே தெரியாத ஆளுகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டீங்க. சீசன் போச்சு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

நாகராஜ் நாங்கள் ஓயும்வரை காத்திருந்தார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியாட்களிடம் பேசும் பொறுப்பு இனி தன்னுடையது என்று எழுதச் சொன்னாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அவரும் சிரிக்காமல் எழுதினார். முத்திரைத் தாளில், சட்டப்படி, நான் வாயைத் திறக்கக் கூடாது என்று இருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பொங்கல் முடிந்த பிறகு கடையைத் திறந்தோம். போர்டில் கன்னடம் பெரிதாகவும் இங்கிலீஷ் அதற்குக் கீழே அடக்கமாகவும் உட்கார்ந்தன. படிக்கட்டு காலியாயிற்று. இழந்த சீசனை ஈடுகட்ட அடுத்த வருடம் முழுவதும் ஆயிற்று. ஆனால் ஜீப் வந்தால் ஷட்டரை இறக்குவதில்லை. அந்த அதிகாரி வருடத்துக்கு ஒரு முறை வருவார். சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். பிறகு கீதாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தாலும், கூரியர் வந்தாலும், முரளி உள்ளே இருந்து, "யாருன்னு கேட்டுட்டு வாயைத் திற" என்று குரல் கொடுப்பார். என் மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். உறவினர் கல்யாணங்களில் புதிதாக யாராவது என்னிடம் பேச வந்தால், சொந்தக்காரர்களே அவர்களிடம், "ஐ.டி. கார்டு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் முரளிக்குச் சிறுநீரகக் கல். வலியில் துடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படுக்கவைத்துவிட்டு, டாக்டர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளைஞர் வேகமாக உள்ளே வந்தார். கோட்டும் இல்லை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை.

"சொல்லுங்கம்மா, எப்பலேர்ந்து வலி?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. முந்தின நாள் சாப்பிட்டதிலிருந்து, டாக்டர் சொல்லியும் முரளி தண்ணீர் குடிக்காதது வரை, எல்லாம் வரிசையாக நின்றன. அப்படியே விழுங்கினேன்.

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

அவர் திகைத்து நின்றார். கட்டிலில் சுருண்டு கிடந்த முரளி, பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கினார்.

"டாக்டர், தயவுசெஞ்சு அந்தக் கார்டைக் காட்டிடுங்க. காட்டற வரைக்கும் அவ சொல்ல மாட்டா."

டாக்டர் பாக்கெட்டில் தேடி எடுத்துக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர், படிப்பு, படம் எல்லாவற்றையும் நிதானமாகச் சரிபார்த்தேன். அந்த வலியிலும் முரளி சிரித்தார். சிரித்ததில் வலி அதிகமாகி ஐயோ என்று கத்தினார். எனக்கு அதில் வருத்தமில்லை.